ஒல்லிப் பையனுக்கு எந்தக் கவசம்?

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் அளவு டேப்புக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது. நம் தமிழ்நாட்டுப் பையன் சிப்பாயாகச் சேர வேண்டுமானால் உயரம் 166 செ.மீ., மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். 77 செ.மீ. என்பது நம் தையற்கடைக் கணக்கில் 30 அங்குலம். ஒல்லியான உடம்பு போதும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுதான் எடுக்கிறது. எடுத்த பிறகு அதே பையனுக்குக் குண்டு துளைக்காத ஜாக்கெட் மாட்டும்போது மட்டும் அந்த டேப் எங்கே போய்விடுகிறது?

நான் மத்திய ஆயுதப்படை ஒன்றில் இருந்தவன். கடைசிப் பத்து வருடம் ஸ்டோர் பொறுப்பு. பி.பி. ஜாக்கெட் என்று சொல்வோம். எங்கள் யூனிட்டுக்கு வந்த சரக்கில் பெரும்பாலும் ஒரே அளவுதான், அதுவும் பெரிய அளவு. ஜாக்கெட் ஆளுக்கு என்று கிடையாது, டியூட்டிக்கு என்று இருக்கும். மோர்ச்சாவிலிருந்து இறங்குகிறவன் கழற்றிக் கொடுப்பான். அடுத்தவன் அந்த வியர்வை ஈரத்தோடேயே மாட்டிக்கொள்வான். இறங்குகிறவன் ஆறடிப் பஞ்சாபியாக இருப்பான், ஏறுகிறவன் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பையனாக இருப்பான்.

பட்டையை இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று மேலே இருக்கிறவர்கள் சொல்வார்கள். ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஜாக்கெட்டில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று, துணி போல மடங்கும் அடுக்கு. டூபான்ட் கம்பெனியில் ஸ்டெபனி குவோலெக் என்ற அம்மையார் 1965-ல் கண்டுபிடித்த கெவ்லார் போன்ற இழைகளால் நெய்தது. அது பிஸ்டல் குண்டைத் தாங்கும். ரைபிள் குண்டைத் தாங்க பிளேட் வேண்டும். முன்னால் பீங்கான், பின்னால் பாலிஎத்திலீன் அடுக்கு. பீங்கான் குண்டை நொறுக்கும், பின்னால் இருப்பது சிதறலைப் பிடித்துக்கொள்ளும். இந்த பிளேட் மடங்காது, சுருங்காது. பட்டையை எவ்வளவு இழுத்தாலும் சுருங்குவது துணிதான். பிளேட் அதே அகலம், அதே நீளம்.

அது எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொண்டைக்குக் கீழே, இரண்டு காறை எலும்பும் சேரும் இடத்தில் ஒரு குழி இருக்கிறதே, பிளேட்டின் மேல் விளிம்பு அங்கே வர வேண்டும். அகலம் இரண்டு மார்புக் காம்பையும் மூட வேண்டும். கீழ் விளிம்பு தொப்புளுக்கு இரண்டு மூன்று விரல் மேலே நிற்கலாம். வயிற்றில் அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசம் கிடைக்கலாம். இருதயத்திலோ பெரிய ரத்தக்குழாயிலோ பட்டால் அந்த அவகாசம் கிடையாது. ஆகவே முதலில் நெஞ்சு, பிறகுதான் மற்றது.

பெரிய பிளேட் என்றால் கூடுதல் பாதுகாப்புதானே என்பது ரொம்பப் பேர் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒல்லியானவன் பெரிய பிளேட்டோடு வண்டியில் உட்கார்ந்தால் கீழ் விளிம்பு தொடையில் முட்டும், மேல் விளிம்பு தொண்டையில் ஏறும். குப்புறப் படுத்தால் முதுகு பிளேட் ஹெல்மெட்டைத் தள்ளி, ஹெல்மெட் கண்ணை மறைக்கும். ரைபிள் கட்டை தோள் பள்ளத்தில் உட்காராமல் பிளேட் ஓரத்தில் வழுக்கும். நாள் முழுக்க இதைத் தாங்க முடியாமல் பையன் என்ன செய்வான்? தோள்பட்டையைத் தளர்த்தி விடுவான். பிளேட் வயிற்றுக்கு இறங்கிவிடும். நெஞ்சின் மேல்பாதி திறந்து கிடக்கும். காகிதத்தில் அவன் ஜாக்கெட் போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

அமெரிக்க ராணுவத்தில் இந்த பிளேட்டே ஐந்து அளவில் இருக்கிறது. மிகச் சிறியது சுமார் ஏழேகால் அங்குல அகலம், மிகப் பெரியது 11 அங்குலம். பெண்களுக்குத் தனியாக வெட்டித் தைத்த ஜாக்கெட்டை 2012-லேயே சோதித்துப் பார்த்தார்கள். நாம் அதற்கும் முந்தியே, 1986-ல், சி.ஆர்.பி.எஃப்.-ல் பெண்களுக்கென்று தனி பட்டாலியன் தொடங்கியவர்கள். அளவைப் பற்றிப் பேசத்தான் நமக்கு நேரமில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2018-ல் குண்டு துளைக்காத ஜாக்கெட்டுக்கு நம் பி.ஐ.எஸ். தரநிலை வந்தது. அதே வருடம் ராணுவம் 1.86 லட்சம் ஜாக்கெட்டுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டது. 2024-ல் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'அபேத்' என்ற ஜாக்கெட்டை அறிவித்தன. தாங்கும் திறனைப் பொறுத்து எடை 8.2 கிலோவிலிருந்தும் 9.5 கிலோவிலிருந்தும் தொடங்குகிறது. சந்தோஷம். ஆனால் பத்திரிகைச் செய்தியில் எத்தனை கிலோ, எந்தக் குண்டைத் தாங்கும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 9.5 கிலோ என்பது 80 கிலோ ஆளுக்கு உடம்பில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 55 கிலோ பையனுக்கு ஆறில் ஒரு பங்குக்கும் சற்று மேல். இதற்கு மேல் ரைபிள், தண்ணீர், மேகசின். சிறிய பிளேட் கொடுத்தால் எடையும் தானாகக் குறையுமே!

பல அளவு வைத்தால் ஸ்டோரில் குழப்பம் என்று ஒரு சாக்கு உண்டு. ஸ்டோர்காரன் என்ற முறையில் இதற்கு நானே பதில் சொல்கிறேன். பூட்ஸ் எத்தனை அளவில் வருகிறது? எல்லோரும் ஒன்பதாம் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னதுண்டா? ஆள்வாரியாக அளவுப் பட்டியல் எடுத்து இன்டென்ட் போடுகிறோம். ஜாக்கெட்டுக்கும் அதே பட்டியலில் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். ஒன்று மார்பு அகலம், இன்னொன்று தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை நீளம். சட்டை சைஸை வைத்து முடிவு செய்யக் கூடாது. நம் பையன்கள் பலர் ஒல்லி, ஆனால் உடல் நீளம்.

பேரன்மார் படையில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஆன்லைனில் 'டாக்டிக்கல் வெஸ்ட்' என்று விற்பதை வாங்கி பார்சல் அனுப்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை விளையாட்டுக்கும் படப்பிடிப்புக்கும் உள்ள வெறும் உறை, உள்ளே ஒன்றும் இருக்காது. கொடுத்த ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் பிடிக்கக் கொடுப்பதும் வேண்டாம். முதலில் தோள்பட்டை, அப்புறம் இடுப்புப் பட்டை என்ற வரிசையில் கட்டி, உட்கார்ந்து, படுத்து, ரைபிளைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும்.

என் தங்கை பேரன் போன மாதம் லீவில் வந்திருந்தான், 54 கிலோ. மேல் விளிம்பு எங்கே வருகிறது என்று கேட்டேன். "தாத்தா, நின்னா நெஞ்சுக்கு நடுவுல, உக்காந்தா தாடையில" என்றான். திரும்பிப் போனதும் ஸ்டோரில் சின்ன அளவு கேட்டிருக்கிறான். எழுத்தில் கொடு என்றார்களாம். கொடுத்திருக்கிறான்.