விதை கொடுத்தவர் தோற்பதில்லை

மே மாதம் வந்தால் சேர்வராயன் மலையில் கூட்டம் அலைமோதும். ஏற்காட்டில் கோடை விழா! மலர்க் கண்காட்சியைப் பார்க்கிறவர்கள், 'எந்தப் பூ அழகு?' என்று செல்லச் சண்டை போடுவார்கள்.

பூவுக்கு மட்டும்தானா சண்டை? கொல்லையில் நாலு தக்காளிச் செடி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"புளிப்பு இருந்தால்தான் ரசம் மணக்கும். நாட்டுத் தக்காளிக்கு ஈடு இல்லை" என்பார் ஒருவர்.

"சந்தைக்குப் போகும்வரை நசுங்காமல் இருக்க வேண்டாமா? ஒட்டுவீரிய விதைதான் நல்லது" என்பார் அடுத்த வீட்டுக்காரர்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. சமைப்பவருக்கு ருசி வேண்டும். விற்பவருக்குக் கெட்டித் தோல் வேண்டும்.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. ஒட்டுவீரியப் பழத்தின் விதையை எடுத்து விதைத்தால், தாய்ச் செடியைப் போலக் காய்க்காது. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து விதை வாங்க வேண்டும்.

நாட்டு ரகம் அப்படி அல்ல. நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, விதையைச் சாறோடு இரண்டு நாள் வைத்துக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போதும். அடுத்த போகத்துக்கு விதை தயார்.

புது ரகத்துக்கும் பழைய விதைதான் தாய். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த 'பி.கே.எம்.1' தக்காளி, அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து பிறந்ததுதான்.

தக்காளியின் பிறந்த வீடு தென் அமெரிக்கா. நம் பாட்டிமார் அதைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். கைக்குக் கை விதை மாறியதால் அல்லவா அது இன்று 'நாட்டுத் தக்காளி' ஆகிவிட்டது?

'என் தக்காளி அடுத்தவர் தோட்டத்தில் காய்க்கக் கூடாது' என்று சிலர் விதையை ஒளித்து வைக்கிறார்கள். இது தவறு. ஒரே வீட்டில் இருக்கும் விதை, ஓர் எலியாலோ ஒரு பெருமழையாலோ அழிந்து போகலாம். போட்டியாளர் வீட்டிலும் இருந்தால், திரும்பக் கேட்டு வாங்கலாமே!

விதையைச் சேர்த்து வைக்கவும், ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்ளவும் உழவருக்கு உரிமை உண்டு. 2001-ம் ஆண்டுச் சட்டமே அதைச் சொல்கிறது.

ஆகவே, நன்றாக வாதாடுங்கள். போட்டி போட்டு வளருங்கள். ஆனால் எழுந்து போகும்போது, எதிர்த்துப் பேசியவர் கையில் ஒரு சிட்டிகை விதை கொடுங்கள்.

அடுத்த ஆண்டும் சண்டை போட அந்தத் தக்காளி வேண்டும் அல்லவா?