காட்டில் ஓர் எவர்கிரீனிங்

வங்கிக்காரனிடம் 'எவர்கிரீனிங்' என்று சொன்னால் அவனுக்குப் பசுமை ஞாபகம் வராது, ஆடிட்டர்தான் ஞாபகம் வருவார். பழைய கடனைக் கட்டமுடியாத பார்ட்டிக்குப் புதுக்கடன் கொடுத்து, அந்தப் பணத்திலேயே பழசை அடைத்ததாகக் காட்டுவது. மார்ச் 31 அன்று கணக்கு பச்சைப்பசேல். ஏப்ரலில் நாற்றம். இதையே நிஜக் காட்டில் செய்து பார்க்கலாம் என்று 2024 மே மாதத்தில் கேரள அரசுக்குத் தோன்றியது. அதைப் பற்றித்தான் இன்றைய புலம்பல்.

கதை தெரியாதவர்களுக்கு: 2021ல் கேரளம் நல்ல கொள்கை ஒன்றை வெளியிட்டது. காட்டுக்குள் நட்டுவைத்த யூகலிப்டஸ், அக்கேசியா, வாட்டில் போன்ற வெளிநாட்டு மரங்களைப் படிப்படியாக எடுத்துவிட்டு இயற்கைக் காட்டைத் திரும்பக் கொண்டுவருவது. மூன்று வருடம்கூட முழுசாக முடியவில்லை. கேரள வனவளர்ச்சிக் கழகம் பணமுடையில் இருக்கிறது, ஆகவே 2024-25ல் யூகலிப்டஸ் நட்டுக்கொள்ளட்டும் என்று ஓர் உத்தரவு! எதிர்ப்பு கிளம்பியதும், வெட்ட மட்டும் அனுமதி, நட இல்லை என்று திருத்தினார்கள்.

"அதான் திருத்தியாச்சே சாரே, பின்னே எந்தா?" என்றார் கிளையில் பக்கத்து சீட்டுக்காரர். உத்தரவைத் திருத்தியாச்சு, பேலன்ஸ் ஷீட்டைத் திருத்தினார்களா? 1975ல் தொடங்கிய கழகம் அது. மரம் விற்ற காசு நின்றால் தள்ளாடுகிறது. அப்படிப்பட்ட அமைப்பிடம் காட்டை மீட்கச் சொல்வது, கடன் வாங்கினவனையே வசூல் ஏஜென்ட்டாகப் போடுவதுபோல.

வனத்துறைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காகிதம் எல்லோருக்கும் வேண்டும், தோட்டத்தில் வளர்த்து வெட்டினால் இயற்கைக் காடு தப்பிக்கும் என்பார்கள். 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நட்ட காலத்திலிருந்தே காட்டை இப்படிப் பார்ப்பதுதான் பழக்கம். மரம் என்றால் கன அடி, கன அடி என்றால் ரூபாய். இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து தென்மலை போகிற வழியில் பாலோடு இருக்கிறதல்லவா, அந்தப் பக்கத்து மக்கள் அக்கேசியா வேண்டாம், கிணறு வற்றுகிறது என்று போராடினார்களே, அந்தச் செலவை எந்த லெட்ஜரில் எழுதினார்கள்?

நிற்க. 'தமிழ்நாட்டுக்காரனுக்கு என்ன வாய்' என்று நினைக்க வேண்டாம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளியை வாட்டிலாலும் யூகலிப்டஸாலும் மூடியது நம்ம ஆட்கள்தான். அதில் கேரளத்துக்கு நாம் அண்ணாச்சி :-)

எனக்கு எரிச்சல் தருவது எதிர்முனையில் நிற்கிற 'எல்லாவற்றையும் நாளைக்கே வெட்டு' கோஷ்டியும்தான். மஞ்சள்கொன்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் வயநாட்டில் அழகுக்கும் நிழலுக்கும் சமூகக் காடு திட்டத்தில் நட்ட மரம். இன்று வயநாடு சரணாலயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் பிடியில். வெட்டினால் சாகாது, அடிக்கட்டையிலிருந்து கூட்டமாகத் துளிர்க்கும். பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன வழி வேறு. ஒரு மீட்டருக்கு மேலிருந்து அடிவரை பட்டையை உரித்துவிட்டு, நின்றபடியே காயவிடுவது. துளிர் வந்தால் திரும்பப் போய்க் கிள்ளுவது. மெதுவான வேலை, கான்ட்ராக்டருக்கு லாபமில்லாத வேலை. முதுமலையில் இதே மரத்தை வெட்டியெடுக்க இறங்கியது எங்க ஊர் கரூர் டிஎன்பிஎல். ஊர்க் கம்பெனிக்கு மூலப்பொருள் கிடைப்பதில் சந்தோஷம்தான். ஆனால் காகித ஆலைக்குத் தேவை டன் கணக்கு. லாரி போனபிறகு துளிரைக் கிள்ள யார் வருவார்?

கொடைக்கானல் மலையில் இன்னொரு சிக்கல். வயதான வாட்டில் நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே மொட்டையடித்தால் கன்றும் போகும், வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கிற வாட்டில் விதை மொத்தமும் எழும். 'இயற்கையே பார்த்துக்கொள்ளும், கை வைக்காதே' என்கிற மூன்றாவது கோஷ்டியும் உண்டு. அந்த யோசனை சில இடத்தில் சரி. எரிந்துபோன வாட்டில் தோட்டத்தில் செல்லாது, நெருப்பு பட்டால் அந்த விதை இன்னும் உற்சாகமாக முளைக்கும்.

மூணாறுக்கு மேலே, ஆனைமுடி சோலை தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்று ஓர் இடம். வாட்டில் எரிந்த அந்தச் சரிவில், வட்டவடை பகுதி மக்கள் வாட்டில் கன்றுகளைக் கையால் பிடுங்கி, மலைப்புல்லை நட்டு, புல்வெளியைத் திரும்ப எழுப்பினார்கள். ஓடைகளில் தண்ணீர் வந்தது. வட்டவடை தமிழ் பேசும் ஊர், பூண்டுக்குப் பேர்போனது. சொந்த நிலத்தில் கிராண்டிஸ் யூகலிப்டஸ் வைத்துத் தண்ணீர் இழந்த அனுபவமும் அந்த ஊருக்கு உண்டு. வேலையும் கூலியும் அவர்களுக்கே போனது. இதற்குக் கொடுப்பது செலவு அல்ல, முதலீடு என்று எழுத எனக்கு பி.காம். போதும்.

அப்படியானால் கழகத்தை இழுத்து மூடிவிடலாமா? கூடாது. கவி ஏலத்தோட்டத்தில் அதன் தொழிலாளிகள் யார் தெரியுமா? 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும். ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்டவர்களைக் காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொருமுறை பிடுங்க வேண்டாம். சம்பளத்தை மர வியாபாரத்திலிருந்து பிரித்து, நேராக பட்ஜெட்டிலிருந்து கொடுங்கள். வெளிநாட்டு மரம் விற்கிற காசு தனிக் கணக்கில் போகட்டும், அதிலிருந்து எடுப்பது காடு மீட்கிற கூலிக்கு மட்டும். காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டுகிற பணத்துக்கு 2016 சட்டப்படி காம்பா நிதி இருக்கிறது, அதையும் இதில் இறக்கலாம்.

யூகலிப்டஸ் தோட்டம் வாராக்கடன். வாராக்கடனுக்கு நாங்கள் வருடாவருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுக்கீடு செய்கிறோம், லாபம் குறைந்தாலும் செய்கிறோம். வழுதக்காடு வனத் தலைமையகத்துக்கும் நிதித்துறை உட்காரும் செக்ரட்டேரியட்டுக்கும் ஆட்டோவில் போனால் சில நிமிஷம்தான். அடுத்த தடவை கழகத்துக்குப் பணமுடை வரும்போது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கத்துக்கு ஃபைல் போகிறது என்று பார்க்கிறேன்.