வேரைப் பிடிச்சுத் தொங்கறவங்களுக்கு

ஹீப்ருன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், நம்ம பதிவர்கள் கிட்டருந்து ரெண்டு விதமான பதிவு கண்டிப்பா வரும். ஒண்ணு, "பைபிள்லயே தமிழ் இருக்கு பாருங்க" வகை. இன்னொண்ணு, "செத்த மொழிக்கு வேர்ச்சொல்லை வச்சே உசுரு குடுத்துட்டாங்க யூதருங்க, நாம இன்னும் பஸ்சுன்னு சொல்லிட்டுத் திரியறோம்" வகை. கொஞ்ச நாளா நானும் செல்போன்ல ஹீப்ரு கத்துக்கிட்டு வர்றேன். (போளூர்ல உட்கார்ந்துக்கிட்டு ஹீப்ரு எதுக்குய்யான்னு கேட்காதீங்க. ஜவ்வாது மலை ஏறறவன் கிட்ட போய் கேளுங்க முதல்ல.) அந்த தைரியத்துல சொல்றேன், ரெண்டு பதிவுக்கும் வியாதி ஒண்ணுதான். சொல்லோட உசுரு வேர்ல இருக்குன்னு ஒரு நம்பிக்கை.

முதல்ல மயில் கதை. சாலமோன் ராஜாவோட கப்பல்ல வந்த 'துக்கி' நம்ம 'தோகை'தான்னு கால்டுவெல் காலத்துலருந்து சொல்லிக்கிட்டு வர்றாங்க. இருக்கட்டும், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா இன்னைக்கு டெல் அவிவ்ல 'துக்கி'ன்னா கிளி! மயிலுக்கு 'தவாஸ்'னு வேற பேரு. தோகையைக் காட்டி 'துக்கி'ன்னு சொன்னா அந்த ஊர் சின்னப் பசங்க சிரிப்பாங்க. வேர் நம்மளுதா இருக்கலாம், பறவை மாறிப் போச்சே சாமி.

வேர் வேண்டாம்னு சொல்ல வரலை. ஹீப்ரு கத்துக்கறவனுக்கு அது பெரிய வரம்தான். க-த-வ மூணு எழுத்தும் எழுதறது சம்பந்தப்பட்டது. 'கதாவ்' எழுதினான், 'மிக்தாவ்' கடிதம், 'க்தோவெத்' முகவரி. ஒண்ணைப் பிடிச்சா நாலு கூடவே வரும். அதே தைரியத்தோட ஸ-ப-ர கிட்ட போங்க. 'ஸேஃபெர்' புத்தகம், 'ஸிப்பூர்' கதை, 'மிஸ்பார்' எண். ஆஹா ஆஹான்னு போய்க்கிட்டே இருக்கும்போது 'ஸப்பார்' வரும். அது முடி வெட்டுறவர். இதுக்கும் ஒரு தத்துவம் சொல்லி பதிவு போட நம்மகிட்ட ஆள் இருக்கு, யாருன்னு நான் சொல்ல மாட்டேன் :-)

அடுத்தது சொல்லாக்க கோஷ்டி. இவங்களுக்கு குலதெய்வம் எலியேசர் பென் யெஹூதா. 1881ல ஜெருசலேம் போய் இறங்கினவர். அகராதிக்கு 'மிலோன்', பத்திரிகைக்கு 'இத்தோன்'னு அவர் உண்டாக்கின வார்த்தைங்க இன்னைக்கும் ஓடுது. மறுக்கவே முடியாது. ஆனா அவர் கதையில தக்காளி அத்தியாயத்தை மட்டும் யாரும் எழுதறதில்லை. தக்காளிக்கு இன்னொருத்தர் குடுத்த பேரு 'அக்வனியா', வேர் பார்த்தா காமம்னு அர்த்தம் வரும். பென் யெஹூதாவுக்கு அது ஆகலை, 'பதூரா'ன்னு சொல்லுங்கன்னார். ஜனங்க கேட்கலை. இன்னைக்கும் அந்த ஊர் காய்கறிக் கடையில அக்வனியாதான், வாங்கற யாருக்கும் காமம் ஞாபகம் வர்றதில்லை.

டெலிபோன் கதை இன்னும் ஜோர். தூரத்துல பேசறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'ஸாஹ்-ரஹோக்'னு சுத்தமா ஒண்ணு சொல்லிப் பார்த்தாங்க. நிக்கலை. டெலிபோன் டெலிபோனாவே இருந்துச்சு. அதோட விட்டாங்களா? த-ல-ப-ன்னு அதையே நாலெழுத்து வேரா ஆக்கி 'தில்பேன்'னு வினைச்சொல்லும் பண்ணிட்டாங்க. போன் பண்ணினான்னு அர்த்தம். இங்க வேர்லருந்து சொல் வரலை, புழக்கத்துலருந்து வேரே முளைச்சிருக்கு. ஹீப்ருவைப் பாருங்க பாருங்கன்னு சொல்றவங்க இதை ஏன் பார்க்க மாட்டேங்கறீங்க?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? தறியால.

எங்க போளூர், ஆரணி சுத்துவட்டாரத்துல பட்டு நெய்யற வீடுங்க நிறைய. கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பயிற்சி வகுப்புல குடுத்த தாளைப் பார்த்தேன். எங்கன்னு வேண்டாம். 'நெடுக்கிழை', 'குறுக்கிழை'ன்னு போட்டிருந்தாங்க. நல்ல தமிழ், வேரும் சுத்தம். ஆனா முப்பது வருஷமா தறிக்குழியில காலை விட்டு உட்கார்ந்திருக்கற ஒரு அண்ணன் அதைப் படிச்சுட்டு, "இது என்னாபா, நம்ம பாவும் ஊடையுமா?"ன்னு கேட்டார். ஆமாண்ணே, அதேதான். பாவு, ஊடைன்னு ரெண்டு உயிருள்ள தமிழ்ச்சொல் எதிர்லயே இருக்கும்போது எதுக்கு இந்த வேலை?

ஹீப்ருல பாவும் ஊடையும் 'ஷ்தி வா-எரெவ்'. லேவியராகமம் 13லயே இருக்கு. வேரை மட்டும் நம்பிப் போனா 'ஷ்தி'யோட எழுத்து குடிக்கறதுக்கும் பொருந்தும், 'எரெவ்' எழுத்து சாயங்காலத்துக்கும் பொருந்தும். சேர்த்தா டாஸ்மாக்தான் வரும்! ஆனா புழக்கத்துல குறுக்கும் நெடுக்குமா போறதுக்கெல்லாம் அதைச் சொல்றாங்க. ஒருத்தரை மடக்கி மடக்கிக் கேட்கற குறுக்கு விசாரணைக்குக்கூட அதே பேருதான். 'மஸெஹெத்'னு இன்னொரு சொல். நியாயாதிபதிகள் 16ல தறியில இருக்கற பாவு. பின்னாடி அதுவே தால்முதோட ஒவ்வொரு நூலுக்கும் பேராச்சு. நமக்கு 'நூல்' எப்படியோ அப்படி. இதெல்லாம் கமிட்டி உட்கார்ந்து பண்ணினது இல்லை, தறிகிட்ட இருந்த ஜனங்க பேசிப் பேசி வந்தது.

யோபு 7ல வாழ்நாள் வேகமா ஓடறதுக்கு நெய்யறவனோட 'எரெக்' உவமையா வரும். தமிழ் பைபிள்ல அதுக்கு 'நாடா'ன்னு போட்டிருக்கு. மெட்ராஸ் நண்பர் ஒருத்தர் பைஜாமா நாடான்னு நெனைச்சு முழிச்சார். எங்க ஊர்ல தார் சுத்தற பொண்ணுக்கு விளக்கமே வேண்டாம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பறக்கறது கண்ணுக்கு எதிர்லயே இருக்கு. ஆனா அவ பசங்க தறிக்கு வரப் போறதில்லை. வரணும்னும் நான் சொல்லலை, அந்த முதுகுவலி எனக்கா? ஆனா நாடா, தார், விழுது, அச்சு, பாவு பிணைக்கறதுன்னு எல்லா வார்த்தையும் தறியோடயே எறங்கிப் போயிடும். அந்த நேரத்துல நாம பீட்சாவுக்குத் தமிழ்ல என்னன்னு முந்நூறு பின்னூட்டம் போட்டு சண்டை போட்டுக்கிட்டு இருப்போம்.

'ஊடை'யும் 'ஊடலும்' ஒரே வேரான்னு யாராவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்ல, தெருவுல தறி நெய்யறவங்க இருந்தா, அவங்க பேசறதை வார்த்தையா மட்டும் எழுதாம முழு வாக்கியமா எழுதிப் போடுங்க. காஞ்சிபுரம், சேலம், பரமக்குடி ஆளுங்க இங்க இருக்கீங்கன்னு தெரியும். உங்க பக்கம் நாடாவுக்கு வேற பேரு இருக்கா?