பொன் நிறமும் சரக்கின் தரமும்



அமெரிக்காவில் பாகங்களைத் தொகுப்பாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டுவோர் பலர். பாதிக்கு மேற்பட்ட வேலையை அவர்களே செய்ய வேண்டும் என்பது அங்குள்ள விதி. அலுமினியத் தகடுகளைச் சேர்க்க ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. 1/8 அங்குல ரிவெட்டுக்கு 30-ஆம் எண் டிரில் பிட். மழுங்கிய பிட் நழுவும், துளை கோணும், பிசிறு நிற்கும். அந்தப் பிசிறில் விரிசல் தொடங்கக்கூடும்.

தங்க நிறப் பிட்டைக் கண்டு மயங்குவோர் உண்டு. அந்த நிறம் டைட்டானியம் நைட்ரைடு என்ற மெல்லிய பூச்சு. சாணை பிடித்தால் முனையில் போய்விடும். பூச்சு கெடுதல் அல்ல. உள்ளே மட்ட இரும்பானால் அது உதவாது. நிறம் ஏற்றிய துவரம்பருப்பு நாம் அறிந்த கதைதானே! அதற்காக விலை கூடிய கோபால்ட் பிட்டும் வேண்டாம். அது கடினமான எஃகுக்கு. அலுமினியத்துக்கு 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் முனையுள்ள நல்ல ஹைஸ்பீட் ஸ்டீல் போதும்.

இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் கடைக்காரரே. மட்ட ரகத்தை உயர்ந்ததென்று விற்பதும் தவறு. தேவையற்ற உயர்ந்த ரகத்தைத் தலையில் கட்டுவதும் தவறு. பருப்பில் ஏமாந்தவர் மறுநாள் கடைக்கு வந்து சண்டை போடுவார். பிட்டில் ஏமாந்தவர் அது தெரியும்போது வானத்தில் இருப்பார்.

எந்தச் சரக்கானாலும் ரகத்தைச் சொல்லி விற்போம்.