ஊர் சுற்றும் நாளில் எதைக் காட்டுவது?

மாணவர் பரிமாற்றப் பயணம் என்றால் அட்டவணை எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் நாள் வரவேற்பு. அடுத்து இரண்டு மூன்று நாள் வகுப்பு. ஒரு மாலை கலை நிகழ்ச்சி. மிச்சம் இருக்கும் ஒரு நாளுக்கு நேராக "ஊர் சுற்றிப் பார்த்தல்" என்று எழுதியிருப்பார்கள். அட்டவணை போடுபவர்கள் மண்டையை உடைத்துக் கொள்ளாத ஒரே நாள் அதுதான். பேருந்து, சாப்பாட்டுப் பொட்டலம், எண்ணி ஏற்றி எண்ணி இறக்கும் ஆசிரியர், கடைசியில் சாவிக்கொத்து விற்கும் கடையில் அரை மணி நேரம். ஆனால் ஊர் திரும்பிய பிறகு பத்து வருடம் கழித்தும் பையன்கள் பேசுவது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். (வணிகவியல் கணக்கில் சொன்னால், முதலீடு ரொம்பக் குறைச்சல், வரவு அதிகம்.)

சரி, தலத்தெருவிலிருந்து ஒரு பையன் அப்படி ஒரு பயணம் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். காரைக்கால் நகரை ஒட்டிய ஊர். சிவலோகநாதர் கோயிலைத் தாண்டி வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் பெரிதாகத் தெரியாது. அவனைப் பாரிசுக்குக் கூட்டிப் போனால் ஈபில் கோபுரத்தைக் காட்டுவார்கள். காட்டட்டும், அதில் தப்பே இல்லை. "போட்டோ பிடிப்பதற்கா இவ்வளவு செலவு" என்று கேலி செய்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நாலு நாடு பார்த்தவர்கள். 2022 நவம்பரில் தமிழகத்து அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தபோதும் இந்தக் கேலி இருந்தது. விமானத்தில் முதல் தடவை ஏறுகிற பிள்ளைக்கு ஜன்னலோரம் கிடைப்பதே ஒரு படிப்பு. அதை யாரும் பறிக்க வேண்டாம்.

கேள்வி வேறு. அந்தக் கோபுரம் திறந்த அதே 1889ஆம் வருடம்தான், இந்தியக் கூலிகளை ஏற்றிய கடைசிக் கப்பல் பிரான்சின் குவாதலூப் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் கப்பல் போனது 1854இல். இடையில் அந்த ஒரு தீவுக்கு மட்டும் சுமார் 42,000 பேர். மார்த்தினிக்குக்கு சுமார் 25,000. ரீயூனியன் தீவுக்கு லட்சத்துக்கும் மேலே. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றிய துறைமுகங்கள். 1739இலேயே பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்துவிட்ட காரைக்கால் நடுவில், சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டம். கிராமங்களிலிருந்து ஆட்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்து கப்பலேற்றுகிறார்கள் என்று ஆங்கிலேயர் புகார் சொல்லிச் சொல்லி, கடைசியில் 1860, 1861இல் இரண்டு அரசும் ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. காரைக்கால் பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா' தாத்தாக்களையும் அவர்களின் பென்ஷனையும் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்த கதை அது. திரும்பி வராதவர்களின் கதையைச் சொல்லத் தெருவில் ஆள் இல்லை.

ரீயூனியனில் சொல்ல இடம் இருக்கிறது. தீவின் வடகரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தனிமைப்படுத்தும் நிலையம் ஒன்று உண்டு. கப்பலில் வந்தவர்களை நோய் பரவாமல் இருக்க அங்கே அடைத்துவைத்து, பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். இப்போது அதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தீவில் பேர் போனது என்னவோ எரிமலைதான். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் மலைகள்தான். ஒரே நாள் கையில் இருந்தால் எந்த ஆசிரியரும் எரிமலைக்குத்தான் வண்டியை விடுவார். பிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சரி. காரைக்கால் பிள்ளைக்கு அது போதாது. காலையில் கிராந்த் ஷாலூப், மதியம் சேந்த் ஆந்த்ரே ஊரின் தமிழ்க் கோயில் என்று போனால், ராமசாமி, முத்துசாமி என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயராகிக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பெயர் வைத்திருக்கும் பையனுக்குத் தமிழ் பேச வராது. இவனுக்குக் கிரியோல் வராது. இரண்டு பேரும் அரைகுறைப் பிரெஞ்சிலோ சைகையிலோ பேசிக்கொள்ள வேண்டியதுதான். எரிமலையின் முன்னால் அப்படிப் பேச என்ன இருக்கிறது?

பிரான்சும் ஜெர்மனியும் போரில் வெட்டிக்கொண்டு ஓய்ந்த பிறகு, 1963இல் இளைஞர் பரிமாற்றத்துக்கென்றே ஒரு பொது அலுவலகம் தொடங்கின. பள்ளிப் பரிமாற்றங்களில் பிள்ளைகளை ஓட்டலில் போடாமல் அங்கே உள்ள வீடுகளில் தங்க வைப்பது சாதாரணம். நேற்றுவரை எதிரி வீடாக இருந்த வீட்டில் காலைச் சாப்பாடு. அதனால்தான் அதைப் பரிமாற்றம் என்று சொல்ல முடிகிறது. நம்மூரில் அந்தப் பெயரில் நடப்பதில் பாதி, பள்ளிச் சீருடை போட்ட சுற்றுலா.

விருந்தாளிகள் இங்கே வரும்போதும் இதே கூத்துதான். காரைக்காலுக்கு யார் வந்தாலும் திருநள்ளாறு, அம்மையார் கோயில், கடற்கரை, நேரம் இருந்தால் தரங்கம்பாடிக் கோட்டை. எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனி மாதம் வந்தால் மாங்கனித் திருவிழா, மொட்டை மாடியிலிருந்து பறக்கும் மாம்பழம்... அதற்கு ஈடாக அவர்கள் ஊரில் ஒன்றும் இருக்காது! அம்மையாரின் சோழர் காலத்துச் செப்புச் சிலை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் கூடவே சொல்லலாம்.

ஆனால் கோயில் வாசலில் வழிகாட்டி பேசுவார், நம் பையன் சும்மா நிற்பான். தலத்தெருவுக்கு வண்டியைத் திருப்பினால் அவன்தான் பேச வேண்டும். காட்ட என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். காரைக்கால் காவிரியின் கடைமடை. குடகில் புறப்பட்ட ஆற்றுத் தண்ணீர் எல்லோரும் எடுத்தது போக வந்து சேரும் வாய்க்கால்கள் இங்கே ஓடுகின்றன. 2007 நடுவர் மன்றத் தீர்ப்பில் மொத்தம் 740 டிஎம்சி பங்கிடப்பட்டதில் புதுச்சேரிக்குக் கிடைத்தது 7. அந்த 7 காரைக்கால் வயல்களுக்காகத்தான். வெளிநாட்டுப் பையனை வாய்க்கால் மதகில் உட்கார வைத்து இதைச் சொன்னால் போதும், அவன் ஊர் ஆற்றைப் பற்றி அவன் பேச ஆரம்பிப்பான்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. மேட்டூரில் ஜூன் 12 திறந்தால் தண்ணீர் இங்கே வர எத்தனை நாள் ஆகும், வராத வருடம் வீட்டில் என்ன செய்தார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது தாத்தாவிடம் கேட்டு வைத்துக்கொண்டால் ஆயிற்று.