பாக்கும் ஒரு புரதமும்

அண்ணா 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். அந்த நோயைப் பற்றிப் பேசும்போது, புற்றை வளர்க்கும் புரதத்தைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் நோய் தீராதா என்று கேட்போர் உண்டு. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தின் கதை தெரிந்தால் அப்படிக் கேட்கத் தயங்குவோம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்போர்ன், அனிட்டா ராபர்ட்ஸ் போன்றோர் இதை ஆராய்ந்தபோது, நல்ல செல்லைப் புற்றுச்செல்போல மாற்றும் பொருள் என்றே பெயரிட்டார்கள். தோல், வாய், குடல் ஆகியவற்றின் மேற்பரப்புச் செல்கள் மிகையாகப் பெருகாமல் தடுப்பதும் இதுவே என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. இது தரும் சேதியை ஸ்மேட் புரதங்கள் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகின்றன. 'பெருகாதே' என்ற உத்தரவு அங்கே பிறக்கிறது. கணையப் புற்றில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஸ்மேட்-4 மரபணு பழுதாகியிருக்கும். அப்போது அந்த உத்தரவு எடுபடாது. ஆனால் புரதத்தின் மற்ற வேலைகள் நிற்பதில்லை: புற்றுச்செல் இடம்பெயர உதவுகிறது, நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்குகிறது.

அப்படியென்றால் முற்றிய நோயில் மட்டும் அடைக்கலாமே என்பது நியாயமான வாதம்தான். செய்தும் பார்த்தார்கள். ஃப்ரெசோலிமுமாப் என்ற மருந்தின் முதற்கட்டச் சோதனையில் 29 பேரில் நால்வருக்குத் தோலில் புதிய கட்டிகள் முளைத்தன. நல்லவேளையாக அவை ஆறக்கூடியவை. ஓரிடத்துப் புற்றைக் குறிவைத்த மருந்து, தோலில் இருந்த காவலையும் சேர்த்து எடுத்துவிட்டது என்றுதான் இதை வாசிக்க வேண்டும். இன்னொரு மருந்தின் நுரையீரல் புற்றுச் சோதனை, பலன் கிடைக்காது என்று 2021-இல் நிறுத்தப்பட்டது. இந்த வழியையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று திசுவைச் சோதித்து அறியாமல் கொடுக்கக் கூடாது.

நம் ஊருக்கு இதில் நேரடித் தொடர்பு பாக்கு. பாக்கு மெல்வோருக்கு வாயின் உட்புறத் திசு நார்போல இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும் நோய் புற்றுக்கு முந்தைய நிலை. பாக்கிலுள்ள பொருள்கள் இதே புரதத்தின் பாதையைத் தூண்டுவதை பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். புகையிலை சேர்த்தால்தானே ஆபத்து, தாம்பூலம் கோயிலிலும் கல்யாணத்திலும் வழங்குவதாயிற்றே என்பார்கள். தாம்பூலத் தட்டில் இருப்பதை யாரும் குறை சொல்லவில்லை. நாள்தோறும் வாயில் அடக்குவதுதான் சிக்கல். புகையிலையில்லாப் பாக்கையும் புற்று உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. இறுகிய திசு முழுதாக இளகுவதும் அரிது. ஆகவே முன்கூட்டியே கண்டறிய, காஞ்சிபுரம் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளர்களுக்கு ஆண்டுக்கொருமுறை வாய்ப் பரிசோதனை நடத்த வேண்டும். காரம் பட்டால் வாய் எரிகிறதா, முன்போல் வாய் திறக்க முடியவில்லையா? காரப்பேட்டைக்கோ அருகிலுள்ள பல் மருத்துவரிடமோ இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.