நாற்காலியும் தேவசாயலும்



இந்த வாரத் தியானத்திற்கு யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். முதல் நான்கு வசனங்களில் ஓர் ஆலயக் காட்சி வருகிறது. பொன் மோதிரமும் பளபளக்கும் உடையும் அணிந்த ஒருவர் உள்ளே வருகிறார். அவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. கந்தலுடுத்த ஏழை ஒருவரும் வருகிறார். அவரை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள், இல்லையென்றால் கால்மாட்டில் தரையைக் காட்டுகிறார்கள். யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டை ஒழுங்குமுறைச் சிக்கலாக யாக்கோபு கருதவில்லை. விசுவாசத்தையே பொய்யாக்கும் குற்றமாக அதைக் கண்டிக்கிறார். ஒரு நாற்காலிக்கும் விசுவாசத்திற்கும் அப்படி என்ன சம்பந்தம்?

அந்தக் கேள்வியோடு நம் தியாகராய நகருக்கு வாருங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தின் படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. அங்குள்ள பல மாடிக் கடைகளில் நமக்குச் சேலை விரித்துக் காட்டுகிறவர்களில் பலர், தென் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள். வாங்க வருகிற நமக்கு ஆசனம் உண்டு. எடுத்துக் காட்டுகிற அவர்களுக்கு நிற்பதே வேலை. காலையில் கடை திறந்ததுமுதல் இரவு அடைக்கும்வரை நிற்பதால் கால் வீக்கம், முதுகு வலி, நரம்புச் சுருள் ஆகியவை இளம் வயதிலேயே வருகின்றன. கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காதிருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் பெண்களும் உண்டு. 2010-இல் இயக்குநர் வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தை எடுத்தபோது ஊரே கண்கலங்கியது. கண்ணீர் காய்ந்ததும் மறுபடியும் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனோம்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணிபுரியும் அனைவருக்கும் தகுந்த இருக்கை இருக்கவேண்டும், வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். அண்டை மாநிலமான கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் பெண் தொழிலாளர்கள் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாக ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 2018-லேயே இத்தகைய திருத்தம் வந்திருந்தது. கடைப் பணிப்பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் இயற்றிய ஆண்டோ 1899.

ஒரு முக்காலிக்காக ஒரு சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது. பிரியமானவர்களே, இந்த ஒரு செய்தியை ஆழ்ந்து நோக்கினால், மனிதன் யார் என்று வேதம் சொல்வதன் இரு பக்கங்களும் இதில் தெரியும்: அவனுடைய மேன்மையும், அவனுடைய வீழ்ச்சியும்.

முதலில் மேன்மை. மனிதன் எம்மாத்திரம் என்று எட்டாம் சங்கீதம் வியந்து கேட்கிறது. கடைவீதி அக்கேள்விக்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் ஒரு பணப்பை. அந்தப் பக்கம் நிற்கிறவன் ஒரு ஜோடிக் கைகால். ஆதியாகமம் மூன்றாவது விடை ஒன்றைத் தருகிறது: ஆணும் பெண்ணுமாகிய மனிதர் தேவசாயலாகப் படைக்கப்பட்டவர்கள். பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் ‘தெய்வத்தின் சாயல்’ என்பது அரசனுக்குரிய பட்டம். ஆதியாகமமோ அந்தப் பட்டத்தை அரண்மனையிலிருந்து எடுத்துவந்து மண்ணிலிருந்து உருவான ஒவ்வொருவர் தலையிலும் சூட்டுகிறது. மூன்றாம் மாடியில் சுடிதார் மடித்து வைக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையிலும் அந்த முடி இருக்கிறது. அவளுடைய விற்பனைத் திறனோ படிப்போ சபை உறுப்பினர் அட்டையோ அதைக் கொடுக்கவில்லை. ஆகவே அவை இல்லாமற்போவதால் அது பறிபோவதுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறாம் நாளில் படைக்கப்பட்ட மனிதனுக்கு விடிந்த முதல் முழுநாள் எது? ஏழாம் நாள், தேவன் ஓய்ந்திருந்த நாள். மனிதன் வேலை செய்து களைத்து ஓய்வைச் சம்பாதிக்கவில்லை. ஓய்வில் கண் விழித்து, அங்கிருந்து வேலைக்குப் போனான். ஏதேனைப் பண்படுத்தும் பணி வீழ்ச்சிக்கு முன்பே கொடுக்கப்பட்டதாகையால், வேலை சாபமன்று, மகிமையானது. ஆயினும் மனிதனை வேலைக்காகவே உண்டாக்கியதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. 1647-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை, மனித வாழ்வின் தலையாய நோக்கம் எது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. தேவனை மகிமைப்படுத்துவதும் என்றென்றும் அவரில் களிகூருவதுமே அந்த நோக்கம் என்பது அது தரும் விடையின் கருத்து. களிகூரப் படைக்கப்பட்டவளை, உட்காரவும் நேரமின்றி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இனி வீழ்ச்சி. பாவம் என்றவுடன் மது, பொய், விபசாரம் என்று பட்டியலிடப் பழகிவிட்டோம். யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. பார்வோன் வைக்கோலைக் கொடாமல் நிறுத்துகிறான். செங்கல் கணக்கையோ குறைக்கவில்லை. ஆராதிக்க விடுப்புக் கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுகிறான். மனிதரைச் செங்கல் எண்ணிக்கையாகக் காணும் கண்ணே பார்வோனின் பாவம். அந்தக் கண் அவனோடு செங்கடலில் அமிழ்ந்துவிடவில்லை. இது விசேஷமாகக் கடை முதலாளிகளின் பாவமுமன்று. அரை மணி நேரம் நாற்பது சேலைகளைப் பிரிக்கவைத்துவிட்டு, பிரித்தவரின் முகத்தை நினைவில் கொள்ளாமல் எழுந்து வரும் நம்மிடமும் அது இருக்கிறது. ஆகவேதான் ஒரு முக்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டது. தேவசாயலாய் இருப்பதால் மனிதனுக்கு நீதி உரியது. விழுந்துபோனவனாய் இருப்பதால் சட்டமின்றி அந்த நீதி அவனுக்குக் கிடைப்பதில்லை.

வியாபாரிகள் சொல்லும் நியாயமும் உண்டு. உட்கார்ந்திருக்கும் விற்பனையாளரைக் கண்டால் வாடிக்கையாளர் தம்மை மதிக்கவில்லை என எண்ணுவார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை, போட்டி கடுமையானது. ஆனால் அந்த வாடிக்கையாளர் யார்? நாம்தானே! எதிரில் ஒருவர் நின்றால்தான் நமக்கு மரியாதை என்ற எண்ணத்தை நாம் கைவிட்டால், வியாபாரியின் வாதத்திற்கு ஆதாரமே இராது.

வேறு சிலர், “போதகர் ஆத்துமாவைப் பற்றிப் பேசட்டும், நாற்காலியைப் பற்றி எதற்கு?” என்று கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் ஆண்டவரையே காட்டுகிறேன். யோவான் நான்காம் அதிகாரத்தில், நடந்து களைத்த இயேசு சீகாரில் கிணற்றருகே உட்காருகிறார். சமாரியப் பெண்ணோடு ஜீவதண்ணீரைக் குறித்த அந்த மாபெரும் உரையாடல், களைத்த ஒருவர் அமர்ந்ததால் நேர்ந்தது. லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாமற் கூனிப்போயிருந்த ஒரு பெண்ணை ஓய்வுநாளில் அவர் நிமிரச் செய்கிறார். ஜெப ஆலயத் தலைவன் கோபமடைகிறான். ஆண்டவரோ, தொழுவத்து மாட்டைத் தண்ணீர் காட்ட ஓய்வுநாளிலும் அவிழ்க்கிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவளை அவிழ்க்கலாகாதா என்னும் பொருள்படக் கேட்கிறார். அவருக்கு முதுகெலும்பும் ஆத்தும காரியமே.

சாந்தோமில் வாழ்கிற நமக்கு இதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம்பண்ணப்பட்டதாக மரபு சொல்லும் அப்போஸ்தலன் தோமா, ஆண்டவரை எங்கே கண்டுகொண்டார்? காயப்பட்ட ஒரு சரீரத்தில். அவருடைய பெயர் தாங்கிய பேராலயத்திலிருந்து பாண்டி பஜார் சில கிலோமீட்டர் தூரந்தான். வீங்கிய பாதங்களைக் கண்டும் விசுவாசியாமல் இருக்க, தோமாவின் ஊரில் நமக்கு என்ன சாக்கு உண்டு?

இந்த நகரத்தில் நமக்கொரு முன்னோடியும் உண்டு. 1926-இல் ‘ஜீசஸ் தி அவதார்’ என்னும் நூலை வெளியிட்ட வெங்கல் சக்கரை, சென்னை கிறிஸ்தவத்தின் ஆழ்ந்த இறையியலாளர்களில் ஒருவர். அவரே தொழிற்சங்கத் தலைவராகவும் உழைத்தார். சென்னை மாநகர மேயராகவும் இருந்தார். தேவன் மாம்சமானார் என்று எழுதிய கைக்கு, மாம்சத்தின் கூலியையும் களைப்பையும் பற்றிப் பேசுவது அந்நியமாகத் தோன்றவில்லை. அதே நகரில், அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி. பி. வாடியா 1918-இல் சென்னைத் தொழிற்சங்கம் உருவாக முன்னின்றார். நம் விசுவாசத்தைச் சேராதவர்கள் தேவசாயலைக் கனம்பண்ணும்போது நன்றி சொல்லவும், அவர்களுக்குப் பின்தங்கியிருந்தால் வெட்கப்படவும் நாம் கற்றுக்கொள்ளவேண்டும்.

சட்டம் முக்காலியைக் கொடுக்கும். அதில் அச்சமின்றி அமரும் மனத்தைக் கொடுக்காது. மேற்பார்வையாளரின் பார்வையும் கேமராவின் கண்ணும் இருக்கையில், இருக்கை இருந்தும் இல்லாததே. அந்த மீதியைச் செய்யவேண்டியது நாம். கிறிஸ்துமஸ் துணி எடுக்கப் போகும்போது, “நீங்களும் உட்கார்ந்தே காட்டுங்கள் அம்மா, எங்களுக்கு அவசரமில்லை” என்று சொல்லுங்கள். கல்லாவில் பணம் செலுத்தும்போது, பணியாளருக்கு இருக்கை எங்கே என்று பணிவாக ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வாருங்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் அக்கா, களைத்தால் எங்கே உட்காருகிறார்? கூடத்து நாற்காலியிலா, சமையலறைத் தரையிலா? நம் அடுக்ககத்தின் காவலாளிக்கு முதுகு சாய்க்க ஓர் ஆசனம் உண்டா? கடைசியாக ஆலயத்திற்கு வருவோம். ஞாயிறன்று நமக்குமுன் வந்து கதவு திறந்து, நமக்குப்பின் கதவடைக்கும் ஊழியருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வுநாள்? உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தின் ஓய்வுநாள் கட்டளை, வேலைக்காரரும் எஜமானைப்போல இளைப்பாறவேண்டும் என்று கேட்கிறது. அதற்குக் காரணமாக, நீங்களும் அடிமைகளாய் இருந்தவர்களே என்று நினைவூட்டுகிறது.

எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் மீட்பின் முடிவைப் பவுல் எப்படி விவரிக்கிறார் தெரியுமா? தேவன் நம்மைக் கிறிஸ்துவோடுகூட எழுப்பி, உன்னதங்களில் அவரோடே உட்காரவைத்தார் என்கிறார். மனிதன் போய்ச் சேரும் இடம் ஓர் இருக்கை. தேவனே தம் குமாரனுக்கருகில் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருத்திக்கு, ரங்கநாதன் தெருவில் ஒரு முக்காலியை மறுக்க நாம் யார்?

ஜெபிப்போம். எங்களை உமது சாயலாக உண்டாக்கின பிதாவே, களைத்துக் கிணற்றருகே அமர்ந்த உம்முடைய குமாரனை நிற்கிற ஒவ்வொருவரிலும் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். இந்த வாரம் ஒருவருக்காவது நாங்கள் இருக்கை தரக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.